'கீரை கடை'யைப் பார்த்தா கோபம் வருதா? எழுத்துப் பிழைகளும் நம்ம எரிச்சலும்

இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களை நீக்கி, படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.

இந்த வாரம் ஒரு எரிச்சலைப் பத்திப் பேசலாம். ரொம்பச் சின்ன எரிச்சல்தான். ஆனா சிலருக்கு அது ஒரு நாளைக்குப் பத்து தடவை வருது. அடுத்தவங்க எழுதினதுல ஒரு எழுத்து தப்பா இருந்தா கண்ணுல தூசி விழுந்த மாதிரி உறுத்துமே, அதைத்தான் சொல்றேன்.

நான் இருக்கிறது மேனாம்பேட்டில், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துல. இங்க ஒரு பத்து நிமிஷம் நடந்தாலே இந்த எரிச்சலுக்கு வேண்டிய அத்தனையும் கிடைச்சிடும். ஒரு கம்பெனி கேட்ல 'ஓட்டுனர் தேவை'. ஒரு காம்பவுண்டுல 'சுவற்றில் நோட்டீஸ் ஒட்டாதீர்'. டியூஷன் சென்டர் போர்டுல 'பயிற்ச்சி'. கல்யாண ஃப்ளெக்ஸ்ல 'மனமக்கள்'. ஒரு சின்னக் கடை வாசல்ல 'கீரை கடை'.

ஆஃபீஸ் போறவங்களுக்கு இது இங்கிலீஷ்லயும் நடக்கும். 'உங்களுடைய'ங்கிற அர்த்தத்துல வர்ற 'யுவர்' ஒரு மாதிரி எழுதணும். 'நீங்க இருக்கீங்க'ங்கிறதோட சுருக்கத்துக்கு நடுவுல ஒரு மேற்கோள் குறி போட்டு வேற மாதிரி எழுதணும். மேனேஜர் மெயில்ல ரெண்டும் இடம் மாறி வந்தா, மெயிலோட விஷயத்தை விட்டுட்டு அந்த ஒரு வார்த்தையிலேயே கண்ணு நிக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போடத் தோணும்.

இதுல நான் கேக்க விரும்புற கேள்வி ஒன்னுதான். இந்த எரிச்சலை யார் மேல காட்டணும்? அதுக்கு முன்னாடி, இந்தத் தப்பெல்லாம் ஏன் வருதுன்னு பார்த்துடலாம். ஏன்னா 'படிக்கல, அக்கறை இல்ல'ங்கிறதுதான் நம்ம மனசுல வர்ற முதல் பதில். அது பெரும்பாலும் சரியான பதில் இல்ல.

காது ஒன்னு சொல்லுது, எழுத்து வேற கேக்குது

உலகத்துல எந்த மொழியா இருந்தாலும் எழுத்துப் பிழை கண்ட இடத்துல வர்றதில்ல. குறிப்பிட்ட சில இடங்கள்லதான் திரும்பத் திரும்ப வரும். முக்கியமான ஒரு இடம், பேச்சுல ரெண்டு ஒலி ஒன்னாக் கலந்துபோய், எழுத்து மட்டும் ரெண்டா நிக்கிற இடம்.

தமிழ்ல 'ர'வும் 'ற'வும் அப்படித்தான். எழுத்துல கரை வேற, கறை வேற. இரை வேற, இறை வேற. ஆனா தமிழ்நாட்டுல பெரும்பாலான இடங்கள்ல வாயால சொல்லும்போது ரெண்டும் ஒன்னு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சுல இந்த வித்தியாசம் இன்னும் இருக்கு. அங்க வளர்ற குழந்தைக்குக் காதே சொல்லிக்கொடுத்துடும், எங்க சின்ன 'ர', எங்க பெரிய 'ற'ன்னு. மேனாம்பேட்டுக் குழந்தைக்கு அந்த உதவி கிடையாது. ஒவ்வொரு வார்த்தையையும் கண்ணால பார்த்து மனப்பாடம் பண்ணணும்.

ல, ள, ழ இன்னும் கஷ்டம். சென்னைப் பேச்சுல 'ழ' பல பேர் வாயில 'ய' ஆயிடும். வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகும். தெக்கத்திப் பக்கம் போனா அதே 'ழ' பெரும்பாலும் 'ள' ஆகும். ரெண்டு ஊர்க்காரங்களும் எழுதும்போது மட்டும் 'ழ' போடணும். ன, ண விஷயமும் இதே கதைதான். மணமக்கள் 'மனமக்கள்' ஆறது அப்படித்தான்.

'ந'வும் 'ன'வும் இன்னும் சுவாரசியம். ரெண்டுக்கும் ஒலியில வித்தியாசம் தெரியிறவங்க இன்னைக்கு அநேகமா இல்ல. வார்த்தையோட ஆரம்பத்துல 'ந' வரும், 'த'வுக்கு முன்னாடி 'ந்' வரும், மத்த இடத்துல பெரும்பாலும் 'ன'ன்னு நம்ம மூளை ஒரு கணக்கு வச்சிருக்கு. அந்தக் கணக்கு முக்கால்வாசி நேரம் சரியா வரும். மாட்டிக்கிறது விதிவிலக்குலதான். 2005-ல வந்த ஷங்கர் படத்தோட பேர் 'அந்நியன்'. அதை 'அன்னியன்'னு எழுதுறவங்க எவ்வளவு பேர்! 300-ஐக் குறிக்கிற முந்நூறு 'முன்னூறு' ஆறதும், ஓட்டுநர் 'ஓட்டுனர்' ஆறதும் இதே காரணத்தாலதான். ஓட்டுநரை ஞாபகம் வச்சிக்க ஒரு வழி இருக்கு. ஸ்கூல்ல கடிதம் எழுதும்போது மேல 'அனுப்புநர்', 'பெறுநர்'னு போட்டோமே, அந்த 'நர்'தான் ஓட்டுநர், நடத்துநர் எல்லாத்துலயும் வர்றது.

இங்கிலீஷ்ல 'அங்கே'ங்கிறதுக்கும் 'அவங்களுடைய'ங்கிறதுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கிற ரெண்டு வார்த்தை இருக்கு, எழுத்து மட்டும் வேற. அதைத் தாய்மொழியாப் பேசுறவங்களே தினமும் மாத்தி எழுதுறாங்க. காரணம் இதேதான். அவங்களும் காதால கேட்டதை எழுதுறாங்க.

ஃபோன் வந்த பிறகு இன்னொன்னும் சேர்ந்துகிச்சு. நம்மள்ல நிறைய பேர் இங்கிலீஷ் எழுத்துல தட்டித்தான் தமிழை வரவைக்கிறோம். இங்கிலீஷ்ல 'ன' ஒலிக்கு ஒரே ஒரு எழுத்து. அதைத் தட்டினா தமிழ்ல ன, ந, ண மூணுல எது வரணும்னு கீபோர்டு ஊகிக்கும். முதல்ல வர்றதைத் தட்டிட்டு அனுப்பிடுவோம்.

'சுவற்றில்' ஒரு புத்திசாலித் தப்பு

இன்னொரு வகைத் தப்பு இருக்கு. அதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 'சுவற்றில்'. சரியான வடிவம் 'சுவரில்'. ஏன்னா வார்த்தை சுவர். தேர், தேரில் ஆகுது. வேர், வேரில் ஆகுது. அதே மாதிரி சுவர், சுவரில்.

அப்போ 'சுவற்றில்' எங்கிருந்து வந்துச்சு? கிணறு, கிணற்றில் ஆகுது. ஆறு, ஆற்றில் ஆகுது. வயிறு, வயிற்றில் ஆகுது. பேச்சுல நாம 'செவரு'ன்னு ஒரு உகரம் சேர்த்துச் சொல்றோம். 'ர'வா 'ற'வான்னு காதுக்குத் தெரியாது. அதனால மூளை அதைக் கிணறோட வரிசையில சேர்த்துடுது. கிணத்துல, ஆத்துல, செவத்துல. எழுதும்போது அதையே கொஞ்சம் அலங்காரமா 'சுவற்றில்'னு ஆக்கிடுது.

கவனிச்சுப் பாருங்க. இதை எழுதினவருக்கு இலக்கணம் தெரியலன்னு சொல்ல முடியாது. ஒரு விதியைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டு, பொருந்தாத ஒரு வார்த்தை மேல போட்டிருக்கார். சின்னக் குழந்தைங்க பேசக் கத்துக்கும்போது செய்றதும் இதுதான்.

ஒற்று: எல்லாரும் பயப்படுற ஏரியா

அடுத்து க், ச், த், ப். தமிழ்ல எழுதுற எல்லாரையும் மிரட்டுற விஷயம். ரெண்டு வார்த்தை சேரும்போது நடுவுல ஒற்று வருமா வராதா?

'கீரை கடை' போர்டுக்கு வருவோம். கீரை விக்கிற கடைன்னா 'கீரைக்கடை'. நடுவுல க் வரணும். க் இல்லாம 'கீரை கடை'ன்னா, மத்தால கீரையைக் கடைஞ்சு குடுன்னு யாருக்கோ உத்தரவு போடுற மாதிரி. 'தந்தப் பலகை'ன்னா யானைத் தந்தத்துல செஞ்ச பலகை. 'தந்த பலகை'ன்னா யாரோ குடுத்த பலகை. ஒரு புள்ளி வச்ச எழுத்து அர்த்தத்தையே மாத்துது. ஒற்று சும்மா அலங்காரம் இல்லன்னு இலக்கணம் தெரிஞ்சவங்க சொல்றதுல நியாயம் இருக்கு.

இன்னொரு பக்கமும் நியாயம் இருக்கு. அந்தக் கடைக்கு முன்னாடி நின்னு யாரும் குழம்பப் போறதில்ல. உள்ள போய் மத்து எங்கன்னு கேக்க மாட்டாங்க. முளைக்கீரை ஒரு கட்டு எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. இடம் அர்த்தத்தைச் சொல்லிடுது.

ஒற்றுல ஒரே ஒரு விதியைக் கத்துக்கணும்னா இதைக் கத்துக்கோங்க. இதுக்கு அர்த்தம் பார்க்க வேணாம், வேற்றுமை உருபு தெரிய வேணாம், கண்ணால பார்த்தாலே போதும். தமிழ் வார்த்தைகள்ல ய், ர், ழ் இந்த மூணு மெய்க்குப் பிறகுதான் இன்னொரு புள்ளி வச்ச எழுத்து வரலாம். பாய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. ட், ற் வந்தா பக்கத்துல இன்னொரு புள்ளிக்கு இடமில்ல. அதனால முயற்சி, பயிற்சி, காட்சி, கட்சி. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'காட்ச்சி' எல்லாம் தப்பு. இந்த ஒரு விதி தெரிஞ்சாலே போர்டுல வர்ற தப்புல ஒரு நல்ல பங்கு குறைஞ்சிடும்.

தப்பே இல்லாத தப்புகள்

இப்போ திருத்துறவங்க பக்கம் வருவோம். நாம தப்புன்னு சண்டை போடுறதுல சிலது தப்பே இல்ல. இல்லன்னா, அறிஞர்களுக்குள்ளேயே முடிவாகாத விஷயம்.

'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?' ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்தச் சண்டை வரும். க் போட்டா கள்ளு குடிக்கிற அர்த்தம் வந்துடும்னு ஒரு கேலியும் கூடவே வரும். 'வாழ்த்துகள்'தான் நல்லதுன்னு இன்னைக்குப் பலர் சொல்றாங்க, நானும் அப்படித்தான் எழுதுறேன். ஆனா பழைய அச்சுப் புத்தகங்களை, இலக்கணப் புத்தகங்களையே எடுத்துப் பாருங்க, 'எழுத்துக்கள்'னு தாராளமா இருக்கும். வல்லின எழுத்தைத் தொட்டு முடியிற இந்த மாதிரி வார்த்தைக்குப் பிறகு ஒற்று மிகலாம்னு வாதிடுற தமிழாசிரியர்களும் இருக்காங்க. பொங்கலுக்கு அன்போட ஒருத்தர் 'வாழ்த்துக்கள்'னு அனுப்பினா அவரைப் பிடிச்சு உலுக்குற அளவுக்கு இது தீர்ந்துபோன வழக்கு இல்ல.

'கறுப்பா, கருப்பா?' கறுத்தல்ங்கிற வினையிலேர்ந்து பார்த்தா பெரிய 'ற'. கருமை, கரியங்கிற வார்த்தைகள்லேர்ந்து பார்த்தா சின்ன 'ர'. ரெண்டுக்கும் வேர் இருக்கு, ரெண்டும் புழக்கத்துல இருக்கு.

'அருகாமை'ன்னு எழுதினா, கல்லாமை, இல்லாமை மாதிரி '-ஆமை' எதிர்மறை, அதனால அது தூரம்னு அர்த்தம் தரும்னு ஒரு வாதம் உண்டு. வாதம் அழகா இருக்கு. ஆனா 'ஸ்டேஷனுக்கு அருகாமையில் வீடு'ன்னு விளம்பரம் பார்த்து, ஓ, வீடு ரொம்ப தூரம் போலன்னு நினைச்ச ஒரு தமிழரையும் நான் பார்த்ததில்ல. இங்கிலீஷ்ல நம்ம ஊர்க்காரங்க அதிகமாப் பயன்படுத்துற 'ப்ரீபோன்' அப்படித்தான். மீட்டிங்கை முன்னாடி தள்ளி வைக்கிறதுக்கு அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுன்னு சிரிச்சாங்க. இன்னைக்கு அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில இருக்கு.

எழுத்தோட உருவமே மாறியிருக்கு. உங்க தாத்தா பாட்டி படிச்ச புத்தகத்துல ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்போட இருந்திருக்கும். பெரியார் 1935-லயே 'குடிஅரசு' பத்திரிகையில அதை மாத்தி, இன்னைக்கு நாம எழுதுற மாதிரி அச்சடிச்சார். தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டது எம்.ஜி.ஆர். ஆட்சியில, 1978-ல. நடுவுல 43 வருஷம். அந்தக் காலம் முழுக்க, பழைய எழுத்துக்குப் பழகின கண்ணுக்கு இந்தப் புது எழுத்து உறுத்தியிருக்கும். இன்னைக்கு நமக்குப் பழசுதான் விசித்திரமாத் தெரியுது.

இங்கிலீஷ் எழுத்துக்கும் இதே கதை நடந்துச்சு, அதுவும் நம்ம ஏரியாவையும் சேர்த்து. 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களோட இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை, தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி அரசாணையை வெளியிட்டுச்சு. அப்போ அந்தத் துறைக்கு அமைச்சர் பக்கத்து ஆவடித் தொகுதி எம்.எல்.ஏ.வா இருந்த மாஃபா பாண்டியராஜன். பூந்தமல்லி இங்கிலீஷ்ல 'பூவிருந்தவல்லி'ன்னு படிக்கிற மாதிரி ஆச்சு. கோயமுத்தூர், வேலூர் எல்லாம் மாறிச்சு. நோக்கத்துல தப்பு சொல்ல முடியாது, வெள்ளைக்காரன் வாய்க்கு ஏத்த மாதிரி வச்ச பேரைத் தமிழ் ஒலிக்குக் கொண்டுவரணும்ங்கிறதுதான். ஆனா மக்கள் அந்த நீள நீளமான எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் சிரிச்சாங்க, மொழியறிஞர்கள் ஆட்சேபம் சொன்னாங்க. அதே மாசத்துல அரசாணையை வாபஸ் வாங்கிட்டாங்க.

எனக்கு இதுல தெரியிறது என்னன்னா, 'இது தப்பு'ன்னு நமக்கு வர்ற உணர்ச்சியில ஒரு பாதி இலக்கணம். மீதிப் பாதி கண்ணோட பழக்கம். அந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காமலேயே நாம திருத்தக் கிளம்பிடுறோம்.

சரி, எரிச்சல் யாருக்கு வருது?

இதை ஆராய்ச்சி பண்ணியே பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குயீன்ங்கிற ரெண்டு பேர் 2016-ல 'பிளாஸ் ஒன்' இதழ்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 83 பேர் கலந்துகிட்டாங்க. வீட்டைப் பகிர்ந்துக்க ஆள் தேவைன்னு ஒரு விளம்பரம். அதுக்கு வந்த பதில் மெயில்னு சிலதைக் குடுத்தாங்க. சிலதுல தப்பே இல்ல. சிலதுல கை தவறித் தட்டின எழுத்துப் பிழை. சிலதுல நாம பேசின 'யுவர்' மாதிரி இலக்கணப் பிழை. படிச்சுட்டு, இவர் கூட ஒரே வீட்டுல இருப்பீங்களான்னு மதிப்பெண் போடச் சொன்னாங்க.

முதல் விஷயம், பிழை இருந்த மெயிலை எழுதினவங்களுக்குச் சராசரியா மதிப்பெண் குறைஞ்சுது. ரெண்டாவது, யார் ரொம்பக் கடுமையாப் போட்டாங்கன்னு பார்த்தா, அதுல படிக்கிறவங்களோட குணம் கலந்திருந்துச்சு. விட்டுக்கொடுத்துப் போற சுபாவம் குறைவா இருந்தவங்க இலக்கணப் பிழைக்கு அதிகமா மதிப்பெண் குறைச்சாங்க. கலகலப்பா எல்லார்கிட்டயும் பழகுறவங்க பிழையைப் பெருசா எடுத்துக்கல.

83 பேரை வச்சுச் செஞ்ச ஒரு ஆய்வு, அதுவும் இங்கிலீஷ்ல. இதை வச்சு உங்க மாமாவுக்குக் குணப் பரிசோதனை பண்ணிடாதீங்க. ஆனா ஒரு விஷயத்தை யோசிக்க வைக்குது. அந்த மெயில் எழுதினவர் சுத்தமானவரா, வாடகையை ஒழுங்காத் தருவாரான்னு எதுவும் தெரியாது. ஒரே ஒரு எழுத்து. அதை வச்சு 'இவர் கூட இருக்க முடியாது'ன்னு ஒரு முடிவுக்குப் போக முடியுது. மேனாம்பேட்டில் வீடு தேடுற ஒரு பையன் 'அறை'க்குப் பதிலா 'அரை வாடகைக்குக் கிடைக்குமா'ன்னு மெசேஜ் அனுப்பினா, ஓனர் மனசுல என்ன ஓடும்னு யோசிச்சுப் பாருங்க.

'இறங்கல்' கதை

எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல நடந்ததைச் சொல்றேன். தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டார். எல்லாரும் செய்தி போட்டாங்க. ஒரு அக்கா, தொழிற்பேட்டையில தையல் யூனிட்ல வேலை பார்க்கிறவங்க, 'ஐயாவுக்கு ஆழ்ந்த இறங்கல், என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் காசு குடுத்த மனுசன்'னு தமிழ்ல எழுதினாங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆகல. கீழ ஒருத்தர் ஒரே வார்த்தை போட்டார். 'இரங்கல்'. பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. அவ்வளவுதான்.

திருத்தினவர் சொன்னது சரிதான். இரங்கல்னா வருந்துறது. இறங்கல்னா கீழ இறங்குறது. ஆனா அந்த மெசேஜ்ல இருந்த பெரிய செய்தி, இறந்துபோனவர் ஒரு குழந்தையோட படிப்புக்குக் காசு குடுத்திருக்கார்ங்கிறது. குரூப்ல நிறைய பேருக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். அதைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. பேச்சு 'ற'வுக்குப் போயிடுச்சு.

அதுக்குப் பிறகு அந்த அக்கா குரூப்ல தமிழ் எழுத்துல எழுதினதை நான் பார்க்கல. கை கூப்புற படம் போடுவாங்க. இல்லன்னா வாய்ஸ் நோட். அவசரம்னா இங்கிலீஷ் எழுத்துல தமிழ். அதுல 'ர'வா 'ற'வான்னு யாரும் கேக்க முடியாது இல்லையா?

இது நான் பார்த்த ஒரு குரூப், ஒரு ஆள். ஆனா கேக்குற உங்கள்ல பல பேருக்கு இப்படி ஒருத்தரைத் தெரியும்னு நினைக்கிறேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டுறவங்ககிட்ட ஏன்னு கேட்டா, 'தமிழ்ல டைப் பண்ணா தப்பு வரும்ப்பா'ம்பாங்க. தமிழை வாழவைக்கணும்னு நினைச்சுத்தான் திருத்துறோம். ஆனா பொது இடத்துல திருத்தும்போது, தமிழ் எழுத்தை விட்டே ஒருத்தரை வெளிய அனுப்பிடுறோம். பிழையோட எழுதுறவங்க எழுதிக்கிட்டே இருந்தா ஒருநாள் சரியா எழுத வாய்ப்பு இருக்கு. எழுதுறதையே நிறுத்திட்டா அந்த வாய்ப்பும் போச்சு.

எரிச்சலை எங்க அனுப்பலாம்?

அப்போ எல்லாத்தையும் விட்டுடலாமா? எனக்கு அதுல உடன்பாடு இல்ல. எரிச்சல் நல்லதுதான், சரியான இடத்துக்குப் போனா. நான் பார்க்கிறது ரெண்டு விஷயம். இந்தப் பிழையால யாருக்காவது நஷ்டம் வருமா? எழுதினவங்ககிட்ட அதைச் சரிபார்க்க வசதி இருந்துச்சா?

ரெண்டுக்கும் 'ஆமா'ன்னு பதில் வர்ற ஒரு இடம் சொல்றேன். அடையாள அட்டைகள்ல வர்ற நம்ம பேர். பல பதிவுகள்ல பேரை முதல்ல இங்கிலீஷ்ல ஏத்துறாங்க, கம்ப்யூட்டர் அதைத் தமிழுக்கு மாத்துது. பழனிங்கிற பேரை நாம இங்கிலீஷ்ல சாதாரண 'ல' போட்டுத்தான் எழுதுறோம். கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு எழுத்து ல, ள, ழ மூணுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். திரும்பித் தமிழ்ல வரும்போது 'பலனி' ஆயிடும். வள்ளி 'வல்லி' ஆவாங்க. கண்ணன் 'கன்னன்' ஆவார். ஒரு அட்டையில பழனி, இன்னொன்னுல பலனி. அப்புறம் ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க அந்த மனுசன் நோட்டரிகிட்ட போகணும், ஆஃபீஸ் ஆஃபீஸா அலையணும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். ஒரு 'ழ' தப்பானதுக்கு அவர் காசு குடுக்குறார், தப்பு பண்ணினது அவர் இல்ல. அங்க வரணும் நம்ம கோபம்.

அதே மாதிரி பாடப் புத்தகம், டிவியில கீழ ஓடுற செய்தி வரி, அரசு அறிவிப்புப் பலகை, மருந்துச் சீட்டுக் குறிப்பு, கோடிக்கணக்குல செலவு பண்ற விளம்பரம். 'மூன்று வேளை'ங்கிறது 'மூன்று வேலை' ஆகலாம். 'உணவு வேளைக்குப் பிறகு'ங்கிறது 'வேலைக்குப் பிறகு' ஆனா, சாப்பிட்ட பிறகா, ட்யூட்டி முடிஞ்சு வந்தான்னு ஒருத்தர் குழம்பலாம். இவங்ககிட்ட ஆள் இருக்கு, காசு இருக்கு, மெய்ப்பு பார்க்க நேரம் இருக்கு. இவங்க எழுதுறதைப் பார்த்துத்தான் மத்தவங்க கத்துக்கிறாங்க. டிவியில தினமும் 'முயற்ச்சி'ன்னு ஓடினா போர்டு எழுதுறவர் வேற எப்படி எழுதுவார்?

ஆனா நடைமுறையில நாம தலைகீழாப் பண்றோம். அரசுப் பலகையைப் பார்த்தா ஒரு பெருமூச்சு. கீரைக்காரம்மா போர்டைப் பார்த்தா ஃபோட்டோ, மீம், பத்தாயிரம் லைக். ஏன்னா கீரைக்காரம்மாவைக் கேலி பண்றது சுலபம். பலகையை மாத்தச் சொல்லி மனு எழுதுறது வேலை.

செய்யக்கூடிய சில விஷயம்

முதல்ல, தனியாச் சொல்லுங்க. குரூப்ல இல்ல, தனி மெசேஜ்ல. அதுவும் அவங்க சொல்ல வந்த விஷயத்துக்குப் பதில் சொன்ன பிறகு. துக்கச் செய்தியா இருந்தா அன்னைக்கு வேணவே வேணாம்.

போர்டு எழுதுறவங்ககிட்ட அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே உதவி பண்ணுங்க. ஃப்ளெக்ஸ் அடிச்சு முடிச்ச பிறகு திருத்தினா திரும்ப அடிக்கிற செலவு அவங்க தலையில விழும். உங்க தெருவுல கல்யாணம், கோயில் விழான்னா, டிசைன் ஃபோன்ல வரும்போதே 'ஒருதடவை பார்த்துத் தரட்டுமாண்ணா'ன்னு கேளுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

நீங்க எழுதுறதைச் சரிபார்க்க இணையத்துல இலவசக் கருவிகள் இருக்கு. நீச்சல்காரன்ங்கிற பேர்ல எழுதுறவர் உருவாக்கின 'நாவி' சந்திப் பிழையைப் பார்க்கும், 'வாணி' எழுத்துப் பிழையைப் பார்க்கும். கொஞ்சம் உட்கார்ந்து படிக்கத் தயாரா இருந்தா, அ.கி. பரந்தாமனார் எழுதின 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' பல தலைமுறையா கைக்கு உதவுற புத்தகம். இன்னைக்கு ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம், எப்படிப் புழங்குதுன்னு தெரியணும்னா 1992-ல முதல்ல வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' இருக்கு.

கடைசியா ஒரு வேலை. உங்க வீட்டுல இருக்கிறவங்களோட அட்டைகளை எல்லாம் இன்னைக்கு ராத்திரி எடுத்து, தமிழ்ப் பேரை ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. அம்மா பேர், தாத்தா பேர், வாடகைக்கு இருக்கிற அண்ணன் பேர். ஒன்னுல 'ள'வும் ஒன்னுல 'ல'வும் இருந்தா, அவசரத் தேவை வர்றதுக்கு முன்னாடியே திருத்தத்துக்கு விண்ணப்பிச்சுக் குடுங்க. எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கிற கண்ணு உங்ககிட்ட இருக்கு. அதனால இப்போ நிஜமாவே ஒருத்தருக்குப் பிரயோஜனம் ஆகும்.